நட்டு கழண்டுச்சா?

1. கண்ணியமான வீடியோ

"மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. இல்லன்னா வெட்டி ஸ்கிராப்புக்குப் போட்டுடுவோம்" என்று பழைய மில் வளாகத்தின் மேனேஜர் சொன்ன அன்றுதான் இன்ஜினை முதன்முதலாகப் பார்த்தேன். மூடிப்போன அந்த மில் ஓடிய காலத்தில் வளாகத்துக்குள் நிலக்கரியும் பஞ்சுப் பொதியும் இழுத்த குட்டி நீராவி இன்ஜின். புகைபோக்கி வரை கொடி படர்ந்திருந்தது.

அதை மீட்டு மறுபடி ஓட்ட வேண்டும் என்று புதுச்சேரியில் ஒரு குழு கிளம்பியிருந்தது. தலைவர் அந்துவான், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'முசியே', அவருக்குப் பெண்களெல்லாம் 'மேதாம்'; பிரெஞ்சில் ஐயா, அம்மா. நிதி திரட்டும் பிரச்சாரத்தை உப்பளத்தில் உள்ள எங்கள் விளம்பர ஆபீஸிடம் கொடுத்தார். சோஷியல் மீடியாவில் நான்தான் சீனியர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை நான் ஜவுளிக்கடைக்கும் பேக்கரிக்கும் ரீல்ஸ் போட்டுக்கொண்டிருந்தவள்.

"மேதாம், கண்ணியமா இருக்கணும். இது சரித்திரம், புடவை விளம்பரம் இல்ல" என்றார் முசியே.

கண்ணியமாகவே செய்தேன். கருப்பு வெள்ளைப் படங்கள், பின்னால் வயலின், முசியேயின் கணீர்க் குரல். லைக் போட்டவர்கள் குழு உறுப்பினர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களும்தான். நன்கொடை லிங்கை யாரும் தொடவில்லை. கிரேனுக்கும் டிரெய்லருக்கும் அட்வான்ஸ் கொடுக்கக்கூட வழியில்லை. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

2. மாஸ்டர் நட்டோடு பேசினார்

இன்ஜினைக் கழற்றும் பொறுப்பு ஏழுமலை மாஸ்டருடையது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். துருப்பிடித்து இறுகிய பிஸ்டனோடு சக்கரத்தை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டை எடுத்தால்தான் சக்கரம் உருளும், உருண்டால்தான் டிரெய்லரில் ஏற்ற முடியும். தண்டைப் பிடித்திருந்த நட்டுகளில் மற்றதெல்லாம் வந்துவிட்டன. ஒன்று மட்டும் அசையவில்லை.

வேறு எதையோ படம் எடுக்கப் போன நான் சும்மா போனை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஏம்மா தாயே, உனக்கு இன்னாதான் வேணும்? எண்ணெ ஊத்திட்டேன். சூடு வச்சிட்டேன். மாலை போட்டு மேளம் அடிச்சுக் கூப்பிட்டாதான் வருவியா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்ததை எடிட் பண்ணாமல் அப்படியே ஏற்றினேன். மறுநாள் காலையில் போனைக் கையில் பிடிக்க முடியவில்லை, அப்படி அதிர்ந்தது. ரெயினியோன் தீவிலிருந்து ஒருவர் பிரெஞ்சில் யோசனை சொல்லியிருந்தார். உழவர்கரை வெல்டர் ஒருவர் "கேஸ் கட்டர்ல வெட்டிடுங்க மாஸ்டர்" என்று எழுதியிருந்தார். மாஸ்டரையே பதில் சொல்ல வைத்தேன்.

"வெட்டிடலாம்பா. வெட்டினா உள்ள இருக்கிற மரையும் சேர்ந்து போயிடும். அப்புறம் இது ஓடாது, பொம்மையாட்டம் நிக்கும்."

அதன்பின் தினமும் நட்டு வீடியோதான். மீன் வாங்கப் போனால் கடைக்கார அக்கா மீனை நிறுக்கும் முன்னே கேட்பார்: "இன்னாம்மா, நட்டு கழண்டுச்சா?" நன்கொடையும் வர ஆரம்பித்தது. கிரேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

முசியேவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஒரு நட்டைக் காட்டிக் கையேந்துறோமா, மேதாம்? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் முசியே. பாக்குறாங்க இல்ல?"

"பாக்குறது வேற, மதிக்கிறது வேற."



3. லைவ்

வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி என்று முடிவாயிற்று. அன்றும் வராவிட்டால் நட்டை வெட்டுவதுதான். லைவ் போட்டேன். பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

மாஸ்டர் நட்டைச் சிவக்கக் காய்ச்சினார். பெரிய ஸ்பேனரை மாட்டி அதன் வாலில் நீளமான பைப்பைச் செருகினார். பட்டறை ஆட்கள் எல்லோரும் பைப்பில் தொங்கினார்கள். அசையவில்லை.

"இன்னும் ஒரு ஆளு வாங்கப்பா! சூடு ஆறிடும்!"

மீதி இருந்தது நானும் முசியேயும்தான். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. போனை அவர் கையில் திணித்தேன். "அசைக்காம பிடிச்சுக்குங்க முசியே!" துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய் பைப்பைப் பிடித்தேன்.

"ஏய், இழு! விடாத, இழு!"

டமார் என்று ஒரு சத்தம். பைப் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நொடி நாங்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் மண்ணில் கிடந்தோம்.

"கழண்டுக்கிச்சு டோய்!" என்று மாஸ்டர் கத்தினார். நான் முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து குதித்தேன்.

ஓடிப்போய் போனை வாங்கிப் பார்த்தேன். முசியேயின் விரல் பட்டு கேமரா செல்ஃபி பக்கம் திரும்பியிருந்தது. ஊரே காத்திருந்த நட்டு ஒரு கணம்கூடத் தெரியவில்லை. முசியேயின் முகம் மட்டும்தான் லைவில் போயிருந்தது.

வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். கண் இமைக்காமல் நிற்கிறார். உதடு என்னவோ முணுமுணுக்கிறது. சத்தம் கேட்டதும் "வந்துடுச்சு! வொய்லா! வந்துடுச்சு!" என்று அலறுகிறார், அந்த முழங்காலோடு துள்ளுகிறார், கண்ணீர் தாடியில் இறங்குகிறது.

நட்டைக் காட்டவில்லை என்று ஒருவர்கூடக் கோபப்படவில்லை. "இவருக்காகவே அந்த இன்ஜின் ஓடணும்" என்று யாரோ எழுத, அதையே ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் டிரெய்லருக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது.

முசியே அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"இது நானா?"

"டெலீட் பண்ணிடட்டுமா முசியே?"

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வேணாம். இருக்கட்டும். இவ்ளோ பேரும் மதிச்சுத்தான குடுத்திருக்காங்க."

முதல் தூறல் விழுவதற்கு முன்பே இன்ஜின் டிரெய்லரில் ஏறி மாஸ்டரின் மேட்டுப்பாளையம் பட்டறைக்குப் புறப்பட்டது. வழியெங்கும் ஜனங்கள் நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் படமே எடுக்கவில்லை, ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் ஸ்கூட்டியில் போனேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கேமராவை எங்கே வைப்பது என்று குழம்பினால் அந்த இடத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். வேலை நடக்குமா நடக்காதா என்று யார் அதிகமாகத் தவிக்கிறாரோ, அவர் எதிரில் வையுங்கள்.