பிரியாத திரை

கூடத்திலிருந்து வந்த இன்ஜின் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. டீ வடிகட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே வண்டியின் எடையைச் சொல்லிவிடுவார். இது வெறும் தகர டப்பா.

"நம்ம கேமோட ரெண்டாம் பாகம் வந்துடுச்சு மாமா. உங்களுக்குன்னு வாங்கினேன்," என்று மருமகன் குரல் கொடுத்தான்.

மருமகன் என்பது பழைய உறவு. மகளும் அவனும் சட்டப்படி பிரிந்தாகிவிட்டது. அவள் வேலைக்காக வேறு ஊருக்கே போய்விட்டாள். அப்படியும் ஞாயிறானால் அவன் வந்து நின்றான். சொல்லிக்கொள்ள ஒரே சாக்கு, ஆயுதம் கட்டிய வண்டிகள் மோதிக்கொள்ளும் இந்த வீடியோ கேம். திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதியில் இவருடைய லாரி, கீழ்ப் பாதியில் அவனுடைய ஜீப். ஒரே சோபாவில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சுட்டுக்கொள்வார்கள்.

"அத்துப்போன உறவுக்குச் சர்க்கரை தூக்கலா டீ வேற," என்று முணுமுணுத்தாள் மனைவி. ஆனால் பிஸ்கட்டை அவள்தான் தட்டில் அடுக்கினாள்.

புதிய ஆட்டத்தில் லாரி ஸ்கூட்டர் மாதிரி திரும்பியது. குண்டு பட்டு முன்சக்கரம் கழன்றது. கண் மூடித் திறப்பதற்குள் தானே முளைத்துவிட்டது.

"முதல் பாகத்துல சக்கரம் போனா போனதுதான் மாப்ளே. இழுத்துக்கிட்டே சண்டை போடணும். சரி, உங்க ஜீப் எங்க?"

"இதுல திரை பிரியாது மாமா. நெட்லதான் சேர்ந்து ஆடணும். நீங்க இங்க, நான் என் ரூம்ல." அவன் டீ கிளாஸைப் பார்த்தபடி சொன்னான். "இனிமே நான் இவ்வளவு தூரம் வந்து தொந்தரவு பண்ண வேண்டாம்."

 அவர் எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி உட்கார்ந்தார்.

"பிரேக் பிடிக்கல. வண்டிக்கு எடையே இல்ல. மூக்குக் கண்ணாடியத் துடைக்கிறதுக்குள்ள எவனோ சுட்டுட்டான். நடுவுல நிறுத்தவாவது முடியுதா?"

"நெட்ல நிறுத்த முடியாது மாமா. யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டாங்க."

"அப்புறம் அது என்ன ஆட்டம்?"

"அடுத்த வாரம் வருவீங்களான்னு நேரா கேக்கறத விட்டுட்டு, பாவம் லாரியத் திட்டறாரு," என்றாள் மனைவி வாசற்படியிலிருந்து. இருவரும் தலை நிமிரவில்லை.

அவன் பழைய டிஸ்க்கைப் போட்டான். திரை பிரிந்தது. லாரி உறுமியது. ஜீப்பின் ஒரு சக்கரத்தை அவர் பெயர்த்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. எங்கேயோ லிப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். லிப்ட் மெக்கானிக் அவன், ஓடியாக வேண்டும்.

"வரேன் மாமா."

போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே அது. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு அவர் கதவருகே நின்றார். மனைவி டிவியின் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினாள்.

"அணைச்சிடாதீங்க அத்தை," என்றான் அவன், குனிந்து ஷூ மாட்டியபடி. "நிறுத்திதான் வச்சிருக்கேன். ஆட்டம் பாதியில இருக்கு."

அவன் படியிறங்கினான். அவர் கதவைச் சாத்தினார்.