பிரசவ அறை கேட்டேன், அம்மன் வேறொன்று கொடுத்தாள்

என் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. அம்மனை நம்பி வாழ்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கை குணமான கதை என்று நினைத்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் தாதியர் டிப்ளோமா முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை பார்த்தேன். எனக்கு இருந்தது ஒரே ஆசை. பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் ஆக வேண்டும். பிறக்கும் பிள்ளையை முதலில் ஏந்துவது என் கையாக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இடமும் கிடைத்தது.

அந்த மாதமே, உம்பாய் சாலையில் என் மோட்டார் சைக்கிளை ஒரு கார் இடித்தது. மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்தார்கள். புண் ஆறியது, விரல்கள் அசையவில்லை. பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போனது. ஊசி போட முடியாத தாதியை வார்டில் வைத்து என்ன செய்வார்கள்? கவுண்டரில் உட்கார வைத்து போன் எடுக்கச் சொன்னார்கள். "மிஸ்ஸி, கொஞ்சம் வாங்க" என்று நோயாளிகள் கூப்பிடுவார்கள்; தாதியருக்கு இங்கே அதுதான் பெயர். நான் வேறு ஆளை அனுப்புவேன்.

"மாரியாத்தா பாத்துக்குவாம்மா" என்று அம்மா சொன்னார்.

"கார் இடிக்கும்போதும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தா?" என்று கத்தினேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த திருவிழாவில் அம்மாவின் வேண்டுதலுக்காகப் பால்குடம் எடுத்தேன். எங்கள் எஸ்டேட் தோட்டத்து மாரியம்மன் கோயில் மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. சன்னதியில் நின்று அழவில்லை. "கையைக் கொடுக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்ட. அப்ப நான் எதுக்கு உயிரோட இருக்கேன்? அதையாவது சொல்லு" என்றேன். அதுதான் என் பிரார்த்தனை. பக்தி என்று அதில் எதுவுமில்லை.

அன்னதானத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் வசந்தி. என்னோடு டிப்ளோமா படித்தவள், பிறகு டிகிரியும் முடித்து நீரிழிவு கிளினிக்கில் இருந்தாள். விபத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. நான் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதைக் கவனித்தாள்.

"டிகிரி எடுலா. பார்ட் டைம் இருக்கு. டிப்ளோமா வச்சிருந்தா சேரலாம். முடிச்சா லெக்சரராப் போகலாம், எங்க கிளினிக் வேலைக்கும் வரலாம்."

"பரிதாபப்படுறியா?"

"பரிதாபமா? அங்க வர்ற நம்ம கிழவங்ககிட்ட தமிழ்ல பேசிப் புரியவைக்க ஆளே இல்ல. நான் ஒருத்தியா சாவுறேன். எனக்கு ஆளு வேணும்!"

அவள் எரிச்சலோடுதான் சொன்னாள். அதனாலேயே நம்பினேன். 'உனக்காக' என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். சன்னதியில் கேட்டதற்கு, சோறு ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சந்தோஷப்படவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். இனி பிரசவ அறை இல்லை என்பதும் அதே பதிலில் இருந்தது.

கவுண்டர் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடித்தேன். இப்போது வசந்தியோடு அதே கிளினிக்கில் இருக்கிறேன். போன வருடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். காலில் புண், இன்சுலின் போட மறுப்பு. "ஊசின்னா கடைசிக் கட்டம்னு சொல்றாங்க மிஸ்ஸி" என்றார். உட்கார வைத்து நிதானமாகப் பேசினேன். அடுத்த வாரம் மனைவியை அழைத்து வந்தார், அவருக்கும் சொன்னேன். இன்சுலின் போட ஒத்துக்கொண்டார், கால் தப்பியது. இன்னும் லாரி ஓட்டுகிறார்.

கிளினிக் இருக்கும் மருத்துவமனையில் பிரசவ வார்டு மாடிக்கு இன்றும் நான் போவதில்லை. அந்தக் கசப்பு போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன். என்னை வீணாக விடவில்லை என்று நன்றி சொல்கிறேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

உங்களுக்கும் கேட்டது கிடைக்காமல் போயிருக்கும். போய் அம்மனிடமே சண்டை போடுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவள் காதில் விழுகிறது. நான் கேட்டது விழுந்தது.