பாதி பாட்டில் மிர்ரா

செந்தூல் ஃபிளாட்டில் என் குளியலறை அலமாரியில் ஒரு சின்ன பழுப்புப் பாட்டில் நிற்கிறது. பாதி காலி. மேலே ஒட்டிய தாளில் ஜெர்மன் எழுத்து. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எனக்கு அதைப் படிக்க வராது. படிக்கத் தேவையும் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை என் அக்காள் கணவர் சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது.

அத்தான் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்காரப் பயணிகளைக் கோயில், பூக்கடை என்று சுற்றிக்காட்டும் வழிகாட்டி. அந்த வேலையில் ஐந்தாறு பாஷைகளிலிருந்து சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தார். வீட்டில் நாங்களும் அவருக்குப் பயணிகள்தான். யாராவது ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் பேச்சை நிறுத்தித் திருத்துவார். சாவு வீட்டில் அழுதுகொண்டே பேசிய பெரியம்மாவின் இங்கிலீஷையே திருத்தியவர் அவர்.

என் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் எல்ஆர்டி ரயிலை விட்டு இறங்கித் திரும்பியிருக்கிறேன். அதனால் என் பயத்துக்கு அக்கா வீட்டில் மதிப்பில்லை. டாக்டர் சொல்லப்போவதைத் தனியாகக் கேட்கத் தைரியமில்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அத்தானைக் கேட்டேன், காரில் கூட்டிப்போக முடியுமா என்று.

"கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு அத்தான்."

அவர் உள்ளே போய் இந்தப் பாட்டிலோடு வந்தார். யாரோ ஒரு பயணி கொடுத்தது. "நீ எல்லாத்துக்கும் பயப்படுற ஆளு லா. இது என்ன தெரியுமா? நம்ம நாட்டு மருந்துக் கடையில வெள்ளைப்போளம். ஜெர்மன்காரன் மிர்ரெங்கிறான், பிரெஞ்சுக்காரன் மீருங்கிறான், இத்தாலிக்காரனும் ஸ்பெயின்காரனும் மிர்ராங்கிறான். எல்லாருக்கும் லத்தீன்லருந்து வந்தது. லத்தீனுக்குக் கிரேக்கம் கொடுத்துச்சு. கிரேக்கன் அரபுப் பக்கத்து வியாபாரிங்ககிட்ட வாங்குனான். அங்க முர்ருன்னா கசப்பு. எங்க, நீ சொல்லு. மிர்ரா."

சொன்னேன். போதவில்லை. "நாக்கைத் தூக்கிச் சொல்லும்மா. ர்ர்ரா." புண் பல்லில் உரசி, கண்ணில் நீர் வந்தது. அக்கா மீன் குழம்பை என் பக்கம் தள்ளினாள். நான் வெறும் சோற்றில் தயிரைப் பிசைந்துகொண்டேன். கார் எப்போது என்று மறுபடி கேட்டதற்கு, "தடவு, எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

தடவினேன், எரிந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை, கிரேக்கர்களோடு. அவருக்குக் கேட்க ஆள் வேண்டும். எனக்கும் கேட்க ஆள் வேண்டியிருந்தது. அவர் ஜெயித்தார்.

வாயில் சோறு வைக்க முடியாமல் போன பிறகுதான் நானே ரயிலேறினேன். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த மலாய் டாக்டர், பிள்ளை வயசுதான், "கெனாப்பா லம்பாட், காக்?" என்றாள். ஏன் இவ்வளவு தாமதம் அக்கா. எனக்குப் பதில் தெரியும். அதை மலாயில் சொல்லத் தெரியவில்லை. நாக்கில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். உயிர் இருக்கிறது. பாசாரில் மீன்காரர் என்னை இரண்டு தடவை சொல்ல வைக்கிறார்.

போன வாரம் அத்தான் அக்காவோடு வந்தார். உட்கார்ந்து, காப்பி குடித்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த பாட்டில் இருக்கா? பாதி மிச்சம் இருக்குமே. சும்மாதானே கிடக்கு. டூருல காட்டலாம்."

அக்கா தரையைப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்துவந்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் கற்றுக்கொடுத்தபடி நாக்கைத் தூக்கிச் சொன்னேன். 'மியா' என்றுதான் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். அதே 'மியா'.

காத்திருந்தேன். அவர் திருத்தவில்லை.

பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.