எங்கள் சோற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிய அக்கா

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். ஆந்திர எல்லையில் நாராயணவனத்துக்குக் கீழே, எங்கள் ஊர் ஆற்றில் லாரிக்கு மணல் அள்ளிக்கொண்டிருந்தேன். ஆறு என்று பெயர்தான். நாலைந்து வருடமாக அதில் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கரைக்குக் கரை வெறும் மணல். அதன் மேல் ஆட்டுத் தடம், சைக்கிள் தடம், எங்கள் லாரித் தடம்.

அப்போது சென்னையில் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. புதுப்புதுக் கம்பெனிகள், அடுக்குமாடி வீடுகள் என்று மணலுக்கு அலையாய் அலைந்தார்கள். எங்கள் பக்கமோ வேர்க்கடலை காய்ந்துபோய், என் வயதுப் பையன்களில் பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. மணல் அள்ளினால் ஊரிலேயே பிழைக்கலாமே என்று இறங்கிவிட்டேன். நாங்கள் மூன்று பேர்: நான், என் பெரியப்பா மகன், அவனுடைய மச்சான்.

எங்களுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தார். கரையோரத் தெருவில் குடியிருந்த ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும், கூலி வேலைக்குப் போகிறவர். அந்தத் தெருவில் இருந்த கைப்பம்பை அடித்தால் காற்றுதான் வரும். அதனால் பெண்கள் எல்லாரும் ஆற்று மணலில் ஊற்று தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுப்பார்கள். இடுப்பளவு தோண்டினால் அடியில் மெல்லச் சுரக்கும். சொம்பால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொள்வார்கள். அவ்வளவு ருசியான தண்ணீர். நாங்கள் மணலை எடுக்க எடுக்க ஊற்று கீழே இறங்கிக்கொண்டே போனது. இடுப்பளவுக் குழி ஆள் உயரக் குழியாகிவிட்டது.

அதற்காக அந்த அக்கா தினமும் கரையில் நின்று எங்களைத் திட்டுவார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். "மணலுதான்டா தண்ணிய வயித்துல வெச்சிக்கினு கீது. நீங்க வயித்தயே அறுத்துக்கினு போறீங்களே, வெளங்குவீங்களா?" நாங்கள் பல்லைக் காட்டிச் சிரிப்போம், கையை ஆட்டுவோம். ஒருநாள் நான் வேண்டுமென்றே அவருடைய ஊற்றை ஒட்டி லாரியை நிறுத்தச் சொன்னேன். ஊற்றின் ஓரம் சரிந்து குழி மூடிப்போனது. வயதுத் திமிர், வேறென்ன சொல்ல! அன்றைக்கு அவர் திட்டவே இல்லை. உட்கார்ந்து மறுபடி தோண்டினார்.

அந்தச் சம்பவம் நடந்த அன்று காலை பத்து, பத்தரை இருக்கும். டிரைவர் டீ குடிக்கக் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் மார்பளவுக் குழிக்குள் நின்று அள்ளிக்கொண்டிருந்தோம். லாரியில் டேப் பாடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் வெயில் பொரிகிறது. மேற்கே மலைமேல் மட்டும் கறுத்துக் கிடந்தது. அது தினமும் இப்படித்தான் கறுக்கும், ஏமாற்றிவிட்டுக் கலையும். நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கரையில் அந்த அக்கா வந்து நின்றார். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்துகிறார். எதிர்க்காற்றில் ஒரு வார்த்தையும் எங்களுக்குப் புரியவில்லை. "வந்துட்டாங்கடா கச்சேரிக்கு" என்றான் மச்சான். நாங்களும் வழக்கம்போல் கையை ஆட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கி ஓடிவர ஆரம்பித்துவிட்டார்.

சரி, இன்றைக்கு அடிதடிதான் என்று நினைத்தேன். வந்தவருக்கு மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை. மலைப்பக்கம் கையைக் காட்டுகிறார். "இன்னா யக்கா, கிட்ட வந்தே திட்லாம்னு வந்துட்டியா?" என்று பெரியப்பா மகன் கேலி செய்தான். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். லாரி நிழலில் எங்கள் மூன்று பேருடைய சோற்றுத் தூக்குகளும் ஒரு ஒயர் கூடையில் இருந்தன. சட்டென்று கூடையைப் பிடுங்கிக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினார்!

விடிந்ததிலிருந்து மணல் அள்ளுகிறவனுக்குச் சோறு என்றால் சும்மாவா? மண்வெட்டியைப் போட்டுவிட்டு மூன்று பேரும் குழியிலிருந்து ஏறித் துரத்தினோம். என் வாயில் வராத வார்த்தை இல்லை. இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சுடு மணலில் வெறுங்காலோடு, தூக்குகள் கடகடவென்று மோத, அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். முள்செடிகளைப் பிடித்துக் கரை ஏறினார். பின்னாலேயே ஏறிக் கூடையின் காதைப் பிடித்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் பத்து லாரி சேர்ந்து வருவது போல. திரும்பிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர், நுரையும் காய்ந்த முள்கிளையும் முன்னால் உருள, ஆற்றின் அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் நின்ற குழி ஒரே விழுங்கில் காணாமல் போனது. லாரி சாய்ந்தது. டேப் மட்டும் கொஞ்ச நேரம் பாடிவிட்டு அடங்கியது.

மச்சான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். டீக்கடையிலிருந்து ஓடிவந்த டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா, மூச்சு திரும்பியதும் எங்களைத் திட்ட ஆரம்பித்தார்.

"மலையில ராத்திரியே மழ ஊத்தியிருக்குது. ஆறு வருதுன்னு மேல ஊர்லேர்ந்து பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. தொண்ட கிழிய கத்தினு கீறேன், பல்ல காட்டி கைய ஆட்றீங்களே, பாவிங்களா!"

நான் அவர் காலில் விழுந்தேன். "உன் ஊத்த மூடுனவன் நான்தான் யக்கா. எனக்காகவா எறங்கி வந்த?" என்று கேட்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீங்க செத்துப்பூட்டா நான் யார திட்றது? எந்திரி நைனா. சோத்த துன்னுங்க" என்றார்.

அதற்கப்புறம் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதில்லை. வெள்ளம் வடிந்ததும் வேறு லாரிக்கு அதே ஆற்றில் இன்னும் இரண்டு மாதம் அள்ளினேன். வயிறு இருக்கிறதே! குழிக்குள் நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் சென்னைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணம், ஒரு மகள்.

பல வருடம் கழித்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பூவும் பழமுமாக அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. "மணல் அள்னவனுங்க எத்தினியோ பேரு" என்றார். சோற்றுத் தூக்குக் கதையைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உன் வூட்டுக்காரு அன்னிக்கி என்னிய இன்னா பேச்சு பேசனாரு தெரியுமா?" என்று என் மனைவியிடம் போட்டுக்கொடுத்தார்.

மகள் தண்ணீர் கேட்டாள். மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினார். "கடைல வாங்கன தண்ணிதான், பயப்படாம குடு நைனா. ஊத்து போயி ரொம்ப வருசமாச்சி." குரலில் கோபமே இல்லை. மகள் மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். அதையும் முகம் கோணாமல் ஊற்றிக்கொடுத்தார்.

எனக்கு உயிர் கொடுத்தவர், நான் தண்ணீர் இல்லாமல் செய்த அந்த வீட்டில், என் பிள்ளைக்கும் தண்ணீர் கொடுத்தார். இந்த நன்றிக் கடனை எந்தப் பூவையும் பழத்தையும் கொண்டு தீர்க்க முடியாது என்பது அன்று அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.