முனியாண்டியின் முதுகுப் பக்கம்

கோலாலம்பூருக்கு வடக்கே, அணைக்கட்டுக்கு மேலே, உப்பைக் கொட்டி வைத்ததுபோல நீளமாகக் கிடக்கிறது வெள்ளைக்கல் மலை. இப்போது அது வனப் பூங்காவுக்குள் இருக்கிறது. என் மாமனார் காலத்து ஆட்கள் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தபோது வெறும் காடு. உச்சிப் பாறையில் காட்டாடு நிற்குமாம். மலையேறுமுன் அடிவாரத்து வெள்ளைப் பாறை ஒன்றை முனியாண்டியென்று கும்பிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து எங்கள் குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என்று பிரிந்துபோயின. முனியாண்டி அங்கேயே இருந்துவிட்டார். வருடம் ஒருமுறை வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைப்போம்.

இந்த வருடம் பாறையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. கல்லைப் பெயர்த்தெடுக்கத்தான் குறி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளை தங்காத எனக்கு அங்கே வேண்டிக்கொண்ட பிறகுதான் மகள் பிறந்தாள். அந்தக் கல்லை எடுத்துவிட்டால் நான் எங்கே போய்க் கும்பிடுவது?

பூங்காச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். என் ஓரகத்திதான் கேட்டாள்.

"என்னம்மா, எங்க சாமிய ஒடைக்கப் போறீங்களா?"

"ஐயோ, இல்ல ஆன்டி. பின்னாடி செடி இருக்கு. இந்த மலையில மட்டும்தான் வரும். மிதிச்சிடக் கூடாதுன்னு கட்டினோம்."

"பின்னாடி போனியா? முனி முதுக யாராச்சும் பாப்பாங்களா? கண்ணு போயிரும்!"

"பாத்துட்டேனே ஆன்டி, ரெண்டும் இருக்கு லா."

முன்பக்கத்தை நாங்கள் வருடாவருடம் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவோம்; பாசிகூட மிஞ்சாது. பின்பக்கம் யாரும் போனதில்லை.

"நீங்க கழுவாத பக்கம்தான் பொழச்சிருக்கு. இனியும் போகாதீங்க. அடுப்ப மட்டும் கார் நிறுத்துற எடத்துல வைங்க."

"அப்ப சாமி?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அவரு எங்கயும் போகல ஆன்டி. செடிக்கு அவருதானே காவல்."

போனில் படத்தைக் காட்டினாள். ஓரகத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். கல் வெடிப்பில் கொத்துக் கொத்தாகப் பச்சை.

அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.