ஓரம் வெட்டிய ஃபிலிம்

நான் பெரிய சந்தேகப் பிராணி. ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்தாறு வருஷம் சி.டி. மெஷின் ஓட்டினேன். "வெறும் வயிறுதான்" என்று சத்தியம் செய்பவர்களிடம்கூட, "காபி குடிச்சீங்களா?" என்று கேட்பேன். குடித்திருப்பார்கள்.

பட்டினப்பாக்கம் மல்லிகா அக்கா, பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து ஸ்கேனுக்கு வந்தார். கல்லீரலில் சின்னதாக ஒரு பொட்டு தெரிந்தது. புதுசு என்றால் நோய் பரவியிருக்கலாம், மறுபடி கீமோ. ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனிலும் இருந்தால் அவ்வளவு பயமில்லை.

மகள் செல்வி துணிக்கடைப் பையிலிருந்து பழைய ஃபிலிமை எடுத்துக் கொடுத்தாள். லைட் பாக்ஸில் மாட்டினேன். கல்லீரல் சுத்தமாக இருந்தது.

"புதுசுதான். பரவிடுச்சு போல. ரிப்போர்ட் டைப் பண்ணச் சொல்லிடும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நோயாளி பெயர், தேதி, ஆஸ்பத்திரி பெயர் எல்லாம் இருக்கவேண்டிய ஓரத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். மறுபடி உற்றுப் பார்த்தேன். பழைய ஃபிலிமில் பித்தப்பை இல்லை. அதை எடுத்த இடத்தில் போட்ட கிளிப் வெள்ளையாகத் தெரிந்தது. இன்றைய ஸ்கேனில் பித்தப்பை ஜம்மென்று இருக்கிறது. எடுத்த பித்தப்பை திரும்ப முளைக்குமா, என்ன?

செல்வியைத் தனியாகக் கூப்பிட்டேன். "இது யாரோட ஃபிலிம்?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? அம்மாதுதான்."

"அப்ப பேரை ஏன் வெட்டின?"

அழுதுவிட்டாள். "என்னப் பொண்ணு பாக்க வந்தாங்கக்கா. ஆஸ்பத்திரி பேரப் பாத்தாலே இன்னா நோவுன்னு தெரிஞ்சிடும்ல? வீட்டுல பையில இருந்த அல்லாத்தையும் வெட்டிட்டேன். பெரியம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தப்புறம் ஸ்கேன் எடுத்தாங்களே, அந்த ஃபிலிமும் அதுலதான் கீது."

டாக்டரிடம் சொல்லி ரிப்போர்ட்டை நிறுத்தினேன். செல்வியை ஆட்டோவில் வீட்டுக்கு விரட்டினேன். வெளியே பெஞ்சில் மல்லிகா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, மறுபடி வந்துகிச்சா?"

"இன்னும் தெரியலக்கா, இருங்க" என்றேன்.

செல்வி கொண்டுவந்த ஃபிலிமில் பித்தப்பை இருந்தது. குடலில் அன்றைய கட்டியும் இருந்தது. கல்லீரலில் அதே இடத்தில் அதே பொட்டு. டாக்டர் இரண்டு முறை அளந்தார். வளரவே இல்லை.

"பரவல் இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓரம் வெட்டியிருந்ததை மாட்டும்போதே பார்த்தேன், பார்த்தும் மாட்டினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் அங்கே கோட்டைவிட்டேன். பெயர் இல்லாத ஃபிலிமை மாட்டாதீர்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மல்லிகா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இனிமே பொண்ணு பாக்க வர்றவங்கோ கைல நானே சொல்றேன்டி, எனக்கு கேன்சருன்னு. மொதல்ல அந்தக் கத்திரியத் தூக்கிப் போடு."