மாப்பிள்ளைப் பாடு

ஒரு ஸ்பார்க் பிளக்கை வேட்டி மடியில் ஒளித்துக்கொண்டு பொய் சொல்வது எளிதல்ல. அது இடுப்பில் குத்தும். குனிந்தால் இன்னும் குத்தும். நான் குனிந்து, எல்லோரோடும் சேர்ந்து, கரை மணலில் அதைத் தேடினேன். என் அக்கா மகளின் கல்யாணம் அந்தப் பிளக்கில்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். தெரியும்.

நான் பழவேற்காட்டுப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு, தாயை இழந்த அக்கா மகள்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். முப்பதைத் தாண்டியவள். பொன்னேரியில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள கடையில் மனு டைப் அடிக்கும் வேலை. பாதிக்குப் பாதி விவாகரத்து மனு. யாராவது வரன் பேச்சை எடுத்தால், காலையிலிருந்து நாலு பேரைப் பிரித்துவிட்டு வருகிறேன், என்னைப் போய்ச் சேர்க்கப் பார்க்கிறீர்களே என்பாள். நான் வற்புறுத்தவில்லை. பெருந்தன்மையான தாய்மாமன் என்று ஊரில் எனக்குப் பெயர். உண்மை என்னவென்றால் அவள் வைக்கும் மடவை மீன் குழம்பை வேறு யாராலும் வைக்க முடியாது.

பழவேற்காட்டு டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, என் மாணவி, சென்னையில் சினிமாப் படிப்பு முடித்துவிட்டு வந்தாள். செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கப் போவதாகச் சொன்னாள். டிவியில் வருகிறதே, ஒரு பெரிய பங்களாவில் பத்து இளைஞர்கள் தங்கி, ஒரு பெண்ணின் மனதைப் பிடிக்கப் போட்டி போட்டு, வாரத்துக்கு ஒருவனாக அழுதுகொண்டே வெளியேறுவார்களே, அதைக் கிண்டல் செய்வதுதான் அவள் நோக்கம். தலைப்பு 'மாப்பிள்ளைப் பாடு'.

தலைப்பைக் கேட்டதும் நான் விழுந்துவிட்டேன். எங்கள் ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடமும் உண்டு, பாசியைத் தவிர ஒன்றும் கிடைக்காத இடமும் உண்டு. யாருக்கு எந்த இடம் என்பதை ஊர் கூடிக் குலுக்கிப் போடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். ஆளுக்கொரு பொருள் கொடுப்பார்கள். சோழி, சாவி, சட்டைப் பொத்தான், எதுவானாலும் சரி. ஒருவர் அவற்றை மடியில் வாங்கிப் பானையில் போடுவார். யாருடைய பொருள் முதலில் வருகிறதோ அவனுக்கு முதல் இடம். எங்கள் குப்பங்களில் கல்யாணமானவனுக்குத்தான் பாட்டில் பங்கு உண்டு. பிரம்மச்சாரி கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். தண்ணீரில் பாடு இல்லாத பிரம்மச்சாரிகளுக்குத் தரையில் ஒரு பாடு என்பதுதான் அந்தப் பெண்ணின் யோசனை. படும் பாடு என்ற அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டு அம்மன் கோவில் உண்டியலில் கை வைத்தவன்கூடப் பாட்டில் கை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பங்களாவுக்குப் பதில் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் கம்பெனி. டிவியில் பெண் ரோஜாப்பூ கொடுப்பாள். இங்கே கொடுக்கைக் கட்டிய களி நண்டு. வாங்கியவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிலவைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு வாரம் கட்டு அவிழ்ந்துவிட்டது. அந்தப் பகுதியைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். தோற்றவனைப் படகிலிருந்து ஏரியில் தள்ளிவிடுவோம். சோகமான இசை வரும். ஏரியோ முழங்கால் ஆழம். விழுந்தவன் எழுந்து, லுங்கியைப் பிழிந்துகொண்டு, கேமராவைத் தாண்டி நடந்தே வீட்டுக்குப் போவான். தூரத்தில் பூநாரைகள் கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டார் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நான்தான் நடுவர். பட்டு வேட்டி கட்டி, ஈரமில்லாத கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, செந்தமிழில் தீர்ப்பு சொல்வேன். "இளைஞனே, உன் காதல் கரை சேரவில்லை. ஆயினும் நீ சேர்வாய். தண்ணீர் முழங்கால் அளவே." தொடர் வெளியான சில வாரங்களில் திருப்பாலைவனத்தில் பஸ் ஏறிய ஒரு நெல் வியாபாரி எனக்காக எழுந்து இடம் கொடுத்தார். அத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியதற்கு யாரும் எழுந்ததில்லை. தலைக்கனம் வந்துவிட்டது.

மணப்பெண்ணாக என் அக்கா மகளையே போட்டார்கள். கோர்ட் வாசலில் பழகியவள், எதைக் கேட்டாலும் முகம் மாறாது, இந்த வேலைக்கு அதுதான் வேண்டும் என்றாள் என் மாணவி.

டிவியில் போட்டியாளர்கள் தனி அறையில் உட்கார்ந்து மனம் திறப்பார்கள். எங்களிடம் அறை இல்லை. மீன் ஏற்றும் பெரிய ஐஸ் பெட்டி இருந்தது. அதற்குள் உட்கார்ந்து மனம் திறக்க வேண்டும். ஒருவன் கவிதை சொன்னான். ஜிம்முக்குப் போகிற ஒருவன் சட்டையைக் கழற்றினான். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கக் குப்பத்திலிருந்து வந்த படகு எஞ்சின் மெக்கானிக் மட்டும் வெகு நேரம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இங்க குளிருது" என்று சொல்லி இறங்கிவிட்டான். எங்கள் வட்டாரம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் சில்லறை கேட்டால் பயணி 'இங்க குளிருது' என்பான். மீன் கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவளைப் பார்த்து, குளிருதா என்பார்கள்.

கடைசி வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், மடவையைச் செதில் சுரண்டிக்கொண்டே என் அக்கா மகள் சொன்னாள்: "மாமா, அந்த மெக்கானிக்க எனக்குப் புடிச்சிகீது. ஷூட்டிங் முடிஞ்சதும் வந்து உன்னக் கேக்குறேன்னு சொல்லிகீறாரு. நீ இன்னா சொல்ற?"

பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிக்கொண்டேன். சாப்பிடும்போதுதான், இவள் முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்விட்டால் இது எனக்கு எப்படிக் கிடைக்கும் என்று யோசித்தேன். பையனிடம் குறை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. குழம்புதான் தோன்றியது.

கடைசிப் பகுதிக்கு நால்வர் மிஞ்சினார்கள். வெற்றி யாருக்கு என்பதை நிஜப் பாடு மாதிரியே குலுக்கிப் போடுவது என்று முடிவு. கரையில் கூட்டம். மெக்கானிக்கின் தாய், மீன் விற்கிறவர், அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மடியை ஏந்தினேன். ஜிம் பையன் பைக் சாவி போட்டான். ஒருவன் மோதிரம், ஒருவன் சோழி. மெக்கானிக் சட்டையில் துடைத்து ஒரு ஸ்பார்க் பிளக்கைப் போட்டான். நான் பானையின்மேல் குனிந்து மடியை அவிழ்த்தேன். மூன்று விழுந்தன. பிளக் மட்டும் மடிப்பிலேயே நின்றது. தானாக நிற்கவில்லை, நான்தான் விரலால் பிடித்துக்கொண்டேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு என் அக்கா மகள் பானைக்குள் கையை விட்டாள். கை உள்ளே சுற்றியது. மறுபடி சுற்றியது. பதற்றத்தைக் கூட்டுகிறாள், அற்புதம் என்று என் மாணவி கேமராவுக்குப் பின்னால் முணுமுணுத்தாள். எந்த மனுவுக்கும் மாறாத அந்த முகம் மாறியதை நான் மட்டும் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் பைக் சாவியை எடுத்தாள்.

ஜிம் பையன் குதித்தான். மெக்கானிக்கை முறைப்படி ஏரியில் தள்ளினார்கள். நான் முறைப்படி கண்ணை ஒற்றிக்கொண்டேன். அவன் தாய் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது பிளக் இல்லை. மணலில் விழுந்திருக்கும் என்றார்கள். கூட்டமே தேடியது. நானும் குனிந்தேன்.

இரண்டொரு நாள் கழித்து மெக்கானிக் வீட்டுக்கு வந்தான். அக்கா மகள் வேலைக்குப் போயிருந்தாள். பெண் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து, என்ன சொல்லி இழுத்தடிக்கலாம் என்று தயாரானேன். அவன் வாசலிலேயே நின்று, "சார், என் பிளக்கு உங்க வேட்டில மாட்டிகினு வந்துச்சா பாருங்களேன். புதுசு சார்" என்றான்.

இல்லையே என்றேன். அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அது இருந்தது.

வேறு எதுவும் பேச வேண்டுமா என்று ஒன்றும் அறியாதவன்போல் கேட்டேன். "அம்மா வேணாம்னுச்சு சார். பாட்டுல இல்லன்னா இல்லதான?" என்றான். குறைபட்டுக்கொள்ளவில்லை. வலை கட்ட இடம் கிடைக்காதவன் அடுத்த முறை பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போவானே, அப்படிப் போனான். தொடர் கிண்டல், நண்டு கிண்டல், என் கண்ணீர் கிண்டல். ஆனால் கரையில் ஊர் பார்க்க மடியில் வாங்கிப் பானையில் போட்டது கிண்டல் என்று அவனுக்கோ அவன் தாய்க்கோ தோன்றவே இல்லை. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நானும் அதே கரையில் பிறந்தவன்தான்.

வீட்டில் குழம்பில் உப்பு இல்லாமல் போனது. முதல் நாள் மறதி என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை. நான் எதுவும் கேட்காமல் எழுந்து போய் உப்பு போட்டுக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், அவள் உப்பு போட்டுக்கொள்ளாமலே சாப்பிட்டாள். அடுப்பில் இரண்டு சட்டி இருந்தது. எனக்குத் தனிச் சட்டி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கண்ணாடிக் கூட்டிலிருந்து பிளக்கை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"அது பானையில இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் மாமா."

எப்படி என்றேன்.

"நான் அதத்தான தேடுனேன்."

ஆக ஒரே வீட்டில் இரண்டு திருட்டுக் கைகள். வாயைத் திறந்தால் தான் தடவித் தேடியது வெளியே வரும் என்று அவள் திறக்கவில்லை. திறந்தால் என் மடி அவிழும் என்று நான் திறக்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டாள். பையன் சரியில்லை, படிப்பில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கடைசியில் குழம்பு என்றேன்.

பிளக்கை என் பக்கம் தள்ளினாள். "முன்னாலயே கேட்டிருந்தா வாரத்துக்கு ரெண்டு நாள் தூக்குல குடுத்தனுப்பி இருப்பேன்ல. இப்ப அதுவும் கெடையாது." பிறகு, அவர் அம்மாவிடம் நீயே போய்ச் சொல் என்றாள்.

முகத்துவாரத்தைப் படகில் தாண்டிப் போனேன். அந்த அம்மாள் வாசலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் ஆரம்பித்தேன்: அம்மா, அன்றைக்கு ஒரு பிழை நேர்ந்துவிட்டது.

"நேந்துச்சா, நீ செஞ்சியா வாத்தியாரே?"

இத்தனை வருஷம் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தியவன் நான். நான்தான் செய்தேன் என்றேன். பிளக்கையும் கொடுத்தேன். மெக்கானிக் அதை வாங்கி, முனையை வெளிச்சத்தில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றான்.

தீர்ப்பு சொன்னது அவன் தாய்தான். அவரிடம் செந்தமிழ் இல்லை, துண்டும் இல்லை. கோணல் செய்த பாடு செல்லாது. அதே கரையில், அதே ஆட்களோடு மறுபடி போட வேண்டும். கோணல் செய்தவன் தன் முறையை இழப்பான். இதுதான் ஏரிச் சட்டம். உனக்கு இந்தக் கல்யாணத்தில் என்ன முறை இருக்கிறது என்று கேட்டார். தாய்மாமன் மாலை என்றேன். அது போச்சு என்றார்.

அக்கா மகளும் தன் கையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஆகவே மறுபடி பாடு போடக் குறித்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவருமே பானையைத் தொடக்கூடாது. அந்த அம்மாளே எடுப்பதாக முடிவானது. எனக்குப் பகீரென்றது. நிஜமாகவே சாவியோ சோழியோ வந்துவிட்டால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. ஜிம் பையன் தயங்கித் தயங்கி அதே பைக் சாவியைப் போட்டான். நான்கும் பானைக்குள் விழும் சத்தத்தை ஊரே எண்ணியது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

கை உள்ளே சுற்றியது. மறுபடி சுற்றியது. அந்தச் சுற்று எனக்குத் தெரிந்த சுற்று. அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளக் வெளியே வந்தது. "பாடு வந்துடுச்சி" என்றார் அந்த அம்மாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். கரையில் யாரும் சிரிக்கவில்லை. பாடு என்றால் பாடுதான்.

கல்யாணத்தில் தாய்மாமன் மாலையைப் பொன்னேரியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி போட்டான். பெண்ணைக் குழந்தையில் பார்த்ததோடு சரி; மாலையை யாருக்குப் போடுவது என்று ஒருகணம் தடுமாறினான். நான் மூன்றாம் வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை கையில் இல்லாத தாய்மாமனுக்குக் கல்யாண மண்டபத்தில் ஒரு வேலையும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வலித்தது. நியாயமாகவும் இருந்தது.

பந்தி முடிந்ததும் என் மாணவி வந்து கூப்பிட்டாள். தொடரின் கடைசிக் காட்சி பாக்கி இருக்கிறதாம். மண்டபத்தின் பின்பக்கம், அதே ஐஸ் பெட்டியை லாரியிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். "உள்ள உக்காருங்க சார். மனசத் தெறந்து பேசுங்க." அக்கா மகளும் மாப்பிள்ளையும் மாலையோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்து மனதுக்குள் எழுதி, திருத்தி, எதுகை மோனையோடு வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இங்க குளிருது" என்றேன்.

மாப்பிள்ளைதான் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.